"ஒண்ணும் ஆகலையே!" – டிக்கியில் ஒரு பெட்ரோல் டப்பா

முதல்ல ஒரு விளக்கம். ஃப்யூயல் செல்னு சொன்னதும் ஹைட்ரஜன், மின்சாரம், டொயோட்டா மிராய்னு உங்க மனசு ஓடினா கொஞ்சம் பிரேக் போடுங்க. அது வேற, இது வேற. ரேஸ்காரங்க பாஷையில் ஃப்யூயல் செல்னா பெட்ரோல் டேங்க். சாதா டேங்க் இல்லை. உள்ளே கிழியாத ரப்பர் பை, பைக்குள்ளே ஸ்பாஞ்ச் மாதிரி ஃபோம், பைக்கு வெளியே இரும்பு அல்லது அலுமினிய டப்பா. கார் நசுங்கினாலும் பை நசுங்கி வளையும், கிழியாது, பெட்ரோல் கொட்டாது என்பது ஏற்பாடு. அருமையான கண்டுபிடிப்பு. இந்தப் பதிவு அதுக்கு எதிரா இல்லை. அதை வாங்கிட்டு வந்து டிக்கியில நாலு திருகு போட்டு உட்கார வச்சுட்டு "சேஃப்டி பண்ணிட்டோம்"னு தோளைத் தட்டிக்கிற கூட்டத்துக்கு எதிரா. அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் பின்னூட்டத்துல வந்து கும்மாதீங்க :-)

படிச்சது மெக்கானிக்கல், பண்றது பொட்டி தட்டுற வேலை. நம்மள்ல பாதிப் பேர் கதை இதுதான். அமெரிக்காவுக்கு வந்து வாரம் அஞ்சு நாள் ஆணி புடுங்கி, ஆறாவது நாள் என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சப்ப, ஆபீஸ்ல ஒரு கோயமுத்தூர் அண்ணன் மாட்டினார். "கண்ணு, ரேஸ் ஓட்டலாம் வர்றியா?"ன்னார். இங்கே மலிவு கார் எண்டூரன்ஸ் ரேஸ்னு ஒரு வகை இருக்கு. 2006-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பிச்ச '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' இந்தப் பைத்தியத்தைப் பிரபலமாக்கினது. 500 டாலர் கார்ங்கிறது அவங்க விதி. கார் ஓட்டைதான், ஆனா ரோல் கேஜ், சீட்டு, பெல்ட்டு, சூட்டு எல்லாம் ஒழுங்கா இருக்கணும். அதைப் பார்த்து அதே மாதிரி சின்னச் சின்ன ரேஸ்கள் நிறைய முளைச்சிருக்கு. நாங்க போறது அப்படி ஒண்ணு. நாலு பேர், ஒரு 93 மாடல் ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக். அண்ணன்தான் கேப்டன், அவர் கராஜ்தான் எங்க ஒர்க்‌ஷாப்.

இந்தக் காரோட ஒரிஜினல் டேங்க் எங்கே இருக்கு தெரியுமா? பின் சீட்டுக்கு அடியில், பின் ஆக்சிலுக்கு முன்னாடி. ஹோண்டா எஞ்சினியர்கள் யோசிச்சு வச்ச இடம். பின்னாடி இருந்து எவன் வந்து இடிச்சாலும் முதல்ல பம்பர், அப்புறம் டிக்கி தரை, அப்புறம் ஸ்பேர் டயர் குழி, சஸ்பென்ஷன், இத்தனையும் நசுங்கின பிறகுதான் டேங்க்கைத் தொடும். 45 லிட்டர்.

அந்த டேங்க்கைக் கழட்டினோம். ஏன்? வளைவுகள்ல டேங்க் பாதிக்குக் கீழே போனா பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி எஞ்சின் இருமுது. இது நிஜமான பிரச்சினை, ஒத்துக்கறேன். அதுக்கு ஒரு சின்ன சர்ஜ் டேங்க் வச்சா போதும், இல்லைன்னா பாதி டேங்க்லயே பிட்டுக்கு வந்து நிரப்பிக்கலாம். ஆனா அண்ணனுக்கு ஃப்யூயல் செல் வேணும். "ரேஸ் காருன்னா டிக்கியைத் திறந்தா ஃப்யூயல் செல் தெரியணும் கண்ணு"ன்னார். மேட்டர் அவ்வளவுதான். அழகு.

ஆன்லைன்ல ஒரு 15 காலன் டப்பா வாங்கினோம், அதாவது 57 லிட்டர். கறுப்பு பிளாஸ்டிக், உள்ளே கொஞ்சம் ஃபோம், மேலே ஒரு பளபள மூடி. உள்ளே ரப்பர் பை கிடையாது. விற்கிறவன் பேர் மட்டும் 'ரேசிங் ஃப்யூயல் செல்'னு வச்சிருந்தான். ஸ்பேர் டயர் குழியை வெட்டி எடுத்து, அந்த ஓட்டைக்கு மேலே எல் ஆங்கிள் வச்சு, டப்பாவை உட்கார வச்சு, மேலே ரெண்டு பட்டை இழுத்துக் கட்டி, பட்டை முனைகளை டிக்கி தரைத் தகட்டுல எட்டு செல்ஃப் டேப்பிங் திருகால முடுக்கினோம். டிரில் பிடிச்சது நான். எட்டு ஓட்டையும் என் கை போட்ட ஓட்டை. மெக்கானிக்கல் பட்டம் வாங்கின கை.

ஹேட்ச்பேக் இல்லையா, டிக்கிக்கும் டிரைவருக்கும் நடுவுல சுவர் கிடையாது. அதனால ஒரு அலுமினியத் தகட்டை வெட்டி பாப் ரிவெட் அடிச்சோம். ஓரத்துல விரல் நுழையற சந்து. தொழில்நுட்பச் சோதனை பண்ண வந்த பெரியவர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு "சந்தை அடைங்க"ன்னார். அலுமினிய டேப் ஒட்டினோம். ஸ்டிக்கர் கொடுத்துட்டார். பேட்டரியும் அதே டிக்கியில, செல்லுக்குப் பக்கத்துல ஒரு ஜாண் தள்ளி. பம்ப்புக்கு டேஷ்போர்டுல ஒரு சாதா டாகிள் சுவிட்ச்.

ரேஸ் அன்னிக்கு மூணாவது மணி நேரம். அடுத்த முறை என்னோடது, ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு பிட்ல நிக்கறேன். உள்ளே ஓட்டிக்கிட்டு இருந்த நண்பர் ஒரு மெதுவான வளைவுல முன்னாடி போனவன் போட்ட ஆயில்ல வழுக்கி, ஒரு முழு வட்டம் சுத்தி, பின்பக்கமாப் போய் டயர் சுவர்ல 'தொம்'னு உட்கார்ந்தார். பெரிய வேகம் இல்லை. நாற்பது கிலோமீட்டர் இருக்கலாம். பம்பர் கூட பெருசா உடையலை.

டிக்கியைத் திறந்து பார்த்தா, எட்டுத் திருகுல மூணு பிடுங்கிக்கிட்டு வெளியே. செல் ரெண்டு அங்குலம் பின்னாடி நகர்ந்து காரோட பின் தகட்டுல முட்டிக்கிட்டு நிக்குது. நகர்ந்த இழுப்புல, பம்ப்புல இருந்து எஞ்சினுக்குப் போற குழாய் கிளாம்ப்போட உருவிக்கிட்டு வந்துருச்சு. எஞ்சின் நின்னுருச்சு, ஆனா பம்ப் நிக்கலை. ஏன்னா அது டாகிள் சுவிட்ச்ல ஓடுது, எஞ்சின் ஓடுதா செத்துச்சான்னு அதுக்குத் தெரியாது. 3 பார் அழுத்தத்துல பெட்ரோல் டிக்கிக்குள்ள பீச்சி அடிச்சிருக்கு. நண்பர் மூக்குல வாசனை ஏறி, மாஸ்டர் சுவிட்சைத் தட்டற வரைக்கும் அஞ்சு செகண்டோ பத்து செகண்டோ. அலுமினிய டேப் ஒட்டின சந்து வழியா வழிஞ்சு அவர் சீட்டுக்குப் பின்னால குளம் கட்டியிருந்தது. அவர் சூட்டோட முதுகுப் பக்கம் பெட்ரோல் ஈரம். ஒரு ஜாண் தள்ளி பேட்டரி.

தீப்பிடிக்கலை.

அவருக்கு ஒன்றரை வயசுல பெண் குழந்தை. அது பிறந்தநாளுக்கு நான் கேக் சாப்பிட்டிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி பார்பெக்யூ. அண்ணன் கோழியைத் திருப்பிப் போட்டுக்கிட்டே சொன்னார்: "செல் வச்சது நல்லதாப் போச்சு பாத்தியா கண்ணு? ஒண்ணும் ஆகலையே." மத்தவங்களும் தலையாட்டினாங்க. நண்பரும்தான். எனக்குக் கோழி இறங்கலை. ஒரு மாசமா இந்த "ஒண்ணும் ஆகலையே" காதுக்குள்ள குடையுது. அதான் இந்தப் பதிவு.

ஒண்ணும் ஆகலைன்னா என்ன அர்த்தம்? நம்ம பாஷையில சொல்றேன். ஒரு புரோகிராம் பாதி ராத்திரி மெமரியைத் தாண்டி எழுதுது. எழுதின இடத்துல அன்னிக்கு முக்கியமான எதுவும் இல்லை, அதனால கிராஷ் ஆகலை. அதுக்காக 'கோடு சரியாத்தான் இருக்கு'ன்னு எவனாவது மேனேஜர்கிட்ட சொல்வானா? சொன்னா அவனுக்கு வேலை இருக்குமா? ஆனா அதே ஆளுங்க, பகல் பூரா கோடு ரிவ்யூவுல அரைப்புள்ளிக்குச் சண்டை போடறவங்க, சனிக்கிழமை ஆனா 57 லிட்டர் பெட்ரோலை எட்டுத் திருகுல தொங்கவிட்டுட்டு ஒண்ணும் ஆகலையேங்கறாங்க.

இந்தச் செல் எதுக்காகப் பிறந்ததுன்னு தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டாங்க. 1964 மே 24. சார்லட் ஓவல், வேர்ல்ட் 600 ரேஸ். ஏழாவது சுற்றுல நெட் ஜாரட்டும் ஜூனியர் ஜான்சனும் மோதிக்கிட்டாங்க. அவங்களைத் தவிர்க்கப் போன ஃபயர்பால் ராபர்ட்ஸோட ஃபோர்டு, சுத்தி, பின்பக்கமாப் போய் சுவர்ல அடிச்சு, கவிழ்ந்து, எரிஞ்சது. கவனிங்க, பின்பக்கமா. ஜாரட் ஓடிப் போய் அவரை வெளியே இழுத்தார். ராபர்ட்ஸ் ஜூலை 2-ம் தேதி இறந்தார். அந்த விபத்து நடந்து ஆறே நாள்ல, மே 30, இண்டியானாபொலிஸ் 500-ல் டேவ் மெக்டொனால்டோட கார் உள்சுவர்ல அடிச்சுத் தீப்பிடிச்சு, எரிஞ்சுக்கிட்டே டிராக்குக்குக் குறுக்கே வந்தது. எடி சாக்ஸ் அதுல போய் மோதினார். ரெண்டு பேரும் போயிட்டாங்க. இந்த ஒரு வாரத்துக்கு அப்புறம்தான் அமெரிக்க ரேஸ் உலகம் பெட்ரோல் டேங்க்கைத் திரும்பிப் பார்த்தது. விமானங்களுக்கு ரப்பர் டேங்க் செஞ்ச அனுபவம் டயர் கம்பெனிகள்கிட்ட ஏற்கெனவே இருந்தது. ஃபயர்ஸ்டோன் அதை ரேஸ் காருக்குக் கொண்டு வந்தது. நாஸ்கார் எடுத்துக்கிச்சு. இண்டி கார்கள் அடுத்த வருஷமே மெத்தனால் பக்கம் போயிட்டாங்க.

அதாவது, கார் பின்பக்கமாச் சுவர்ல அடிக்கும்ங்கிறதுதான் இதோட ஜாதகமே. "நாம மெதுவாத்தான் ஓட்டறோம், பின்னாடி எவன் இடிக்கப் போறான்?"னு கேட்கறவங்களுக்கு இதுதான் பதில். எவனும் இடிக்க வேண்டாம். வழுக்கிச் சுத்தின கார் எந்தப் பக்கம் சுவரைத் தொடும்னு அதுவே முடிவு பண்ணும். எங்களுது பின்பக்கம்னு முடிவு பண்ணிச்சு.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பன்னிரண்டாம் கிளாஸ் பிசிக்ஸ்தான். பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 0.74 கிலோ. 57 லிட்டர்னா 42 கிலோ. டப்பா, பம்ப் எல்லாம் ஒரு 10 கிலோ. மொத்தம் 52. கார் 60 கிலோமீட்டர் வேகத்துல போய் கான்கிரீட் சுவர்ல அடிச்சு, அரை மீட்டர் நசுங்கி நிக்குதுன்னு வைங்க. சராசரி 28 ஜி வருது. 52 கிலோ டப்பா அந்த நேரத்துக்கு 1,450 கிலோ எடையா நடந்துக்கும். எங்க முழுக் காரையும் தூக்கி டிக்கியில வச்ச மாதிரி. எட்டுத் திருகுக்குப் பங்கு போட்டா ஆளுக்கு 180 கிலோ. ஆனா திருகுங்க பங்கு போட்டுக்காது, முதல்ல மாட்டினது முதல்ல போகும், அப்புறம் ஜிப் மாதிரி வரிசையா. டிக்கித் தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. தகட்டுத் திருகோட மரை இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல. அதாவது, ஒரு மரை கூட முழுசாத் தகட்டைக் கடிக்கலை. நாலு வருஷம் படிச்சவன், ஓட்டை போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. போடலை. அண்ணன் சொன்னார், டிரில் கையில இருந்தது, போட்டேன். அவ்வ்வ்.

"பேரே சேஃப்டி செல்தானே"ங்கறது அடுத்த வாதம். பேர்ல என்ன இருக்கு, நான் கூட எஞ்சினியர்தான் பேர்ல. உண்மையான செல்லுக்குச் சான்றிதழ் உண்டு. எஃப்.ஐ.ஏ.வோட எஃப்.டி.3, அமெரிக்காவில் எஸ்.எஃப்.ஐ. 28.3 மாதிரி. எஃப்.ஐ.ஏ. பைக்கு ஆயுசும் உண்டு. தயாரிச்ச தேதியில இருந்து 5 வருஷம், அதுக்கு மேல தயாரிச்ச கம்பெனியே சோதிச்சு நீட்டிச்சா இன்னும் 2 வருஷம். ரப்பர் கிழடாகும். ஃபோமும் கிழடாகும், அதுவும் எத்தனால் கலந்த பெட்ரோல்ல சீக்கிரமே பொடிப்பொடியா உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும். நூத்தி சொச்சம் டாலர் கொடுத்து வாங்கின பிளாஸ்டிக் டப்பாவுல பையும் இல்லை, சான்றிதழும் இல்லை, தேதியும் இல்லை. அது ஒரு பெரிய கேன். நல்ல கேன்தான், ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்கிட்டு வரலாம்.

அப்புறம் இன்னொரு கோஷ்டி இருக்கு. சான்றிதழோட, ஆயிரம் டாலருக்கு மேல கொடுத்து, நிஜமான செல் வாங்குவாங்க. வாங்கிட்டு அதையும் அதே எட்டுத் திருகுல மாட்டுவாங்க. இவங்க மேலதான் எனக்குக் கோபம் அதிகம். ஏன்னா செல் கிழியாதுங்கிறது சரி, ஆனா செல்லோட ஒட்டிக்கிட்டிருக்கிற குழாயும் மூடியும் கிழியாதுன்னு யார் சொன்னது? 2020 நவம்பர் 29, பஹ்ரைன் ஃபார்முலா 1. ரோமன் க்ரோஷான் கார் 192 கிலோமீட்டர் வேகத்துல தடுப்புல போய்ச் செருகிக்கிட்டு ரெண்டாப் பிளந்தது, 67 ஜி. வீடியோ பார்க்காதவங்க இருக்க மாட்டீங்க. 27 செகண்ட் நெருப்புக்குள்ள இருந்துட்டு அந்த மனுஷன் எழுந்து வந்தார். எஃப்.ஐ.ஏ. விசாரணை அறிக்கையில என்ன சொன்னாங்க? செல்லுக்கு வழிவிடற மூடி சேஸிஸ்ல இருந்து பெயர்ந்திருக்கு, எஞ்சினுக்குப் போற எரிபொருள் இணைப்பு பையில இருந்து பிய்ஞ்சிருக்கு. உலகத்துலயே விலை உயர்ந்த செல், உலகத்துலயே கெட்டியான டப்பாக்குள்ள. அப்பவும் போனது இணைப்பு. நாற்பது கிலோமீட்டர்ல எங்களுக்குப் போனதும் அதே இணைப்புதான். நாங்க ஹோஸ் கிளாம்ப் போட்டிருந்தோம்ங்கறது மட்டும் வித்தியாசம் :-(

சரி, திட்டிக்கிட்டே இருந்தா எப்படி, எப்படித்தான் மாட்டணும்னு கேட்பீங்க. டிக்கியில வைக்கறதே தப்புன்னு நான் சொல்லலை. நாஸ்கார்ல பின்னாடிதான் இருக்கு. ஆனா அங்கே செல்லைச் சுத்தி ஒரு இரும்புக் கூடு இருக்கு, அந்தக் கூடு சேஸிஸ்ல பற்றவச்சிருக்கு. பின்னாடி நசுங்கறதுக்குன்னே இடம் விட்டிருக்கு.

முதல் விதி: தகட்டை நம்பாதே. டிக்கி தரைங்கறது சாமான் வைக்கறதுக்கு, மழைத்தண்ணி வராம இருக்கறதுக்கு. காரோட எலும்பு அதுக்குக் கீழே ரெண்டு பக்கமும் நீளவாக்குல ஓடற ரெயில். செல்லோட எடை அந்த ரெயிலுக்குத்தான் போய்ச் சேரணும். ஒரு அங்குல சதுரக் குழாய், ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத கனம், அதுல செல் உட்கார்ற அளவுக்கு ஒரு தொட்டில் செஞ்சு, ரெயில்லயோ ரோல் கேஜோட பின் கால்லயோ பற்றவைக்கணும். மேலே இரும்புப் பட்டை, ஒரு அங்குல அகலம், மூணு மில்லிமீட்டர் கனம், நீளவாக்குல ரெண்டு, குறுக்கே ரெண்டு. பட்டை முனையில போல்ட், திருகு இல்லை, போல்ட். நட்டும் வாஷரும் உள்ள நிஜ போல்ட், பத்து மில்லிமீட்டர். எங்கேயாவது தகடு வழியாத்தான் போயாகணும்னா அடியில உள்ளங்கை அளவுக்கு ஒரு கனமான பிளேட். பட்டைக்கும் செல்லுக்கும் நடுவுல ரப்பர், இல்லைன்னா அதிர்வுல அரைச்சு அரைச்சு நாலு ரேஸ்ல அதுவே ஓட்டை போடும். செல்லோட டப்பாவுல ஓட்டை போட்டு மாட்டறதெல்லாம் பேசவே கூடாது, உள்ளே பை இருக்கு சாமி.

இடம்: எவ்வளவு முன்னாடி தள்ள முடியுமோ அவ்வளவு, ஆக்சிலை ஒட்டி. ரெண்டு ரெயிலுக்கு நடுவுல. பம்பருக்குக் கீழே தொங்கக் கூடாது. எங்க ஊர்ப் பக்கம் பம்பருக்கு ஒரு ஜாண் பக்கத்துல வீட்டு சிலிண்டரை உருட்டி வச்சு ஓட்டின ஆம்னி வேனைப் பார்த்து நாமதானே திட்டுவோம்? எங்க சிவிக்கும் அந்த ஜாதிதான், ஸ்டிக்கர் மட்டும் கூட. அமெரிக்காவுல இந்தப் பாடத்தை ஏற்கெனவே படிச்சாங்க. ஃபோர்டு பின்டோ, டேங்க் ஆக்சிலுக்கும் பம்பருக்கும் நடுவுல. பின்னாடி இருந்து இடிச்சா டேங்க் முன்னாடி தள்ளுப்பட்டு டிஃபரென்ஷியல் போல்ட்டுல போய்க் குத்திக்கும். 1978-ல் 15 லட்சம் கார்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. கோர்ட்டு, கேஸு, பெரிய கதை. அதுக்கப்புறம் கார் கம்பெனிங்க டேங்க்கை மெதுவா ஆக்சிலுக்கு முன்னாடி நகர்த்திக்கிட்டே வந்தாங்க. நாம என்ன பண்ணோம்? முன்னாடி பத்திரமா இருந்ததைக் கழட்டிப் பின்டோ இருந்த இடத்துல வச்சோம். காசு கொடுத்து.

சுவர்: டிரைவருக்கும் செல்லுக்கும் நடுவுல தகட்டுச் சுவர் முழுசா இருக்கணும். என்.எச்.ஆர்.ஏ. விதியில எஃகுன்னா 0.024 அங்குலம், அலுமினியம்னா 0.032 அங்குலம், அதுக்குக் குறையக் கூடாது. கனத்தை விட முக்கியம் ஓரம். செடான் கார்ல பின் சீட்டுக்குப் பின்னாடி சுவர் இருக்கறதா நினைச்சுக்குவோம், சீட்டைக் கழட்டிப் பாருங்க, சல்லடை. ஸ்பீக்கர் ஓட்டை, ஒயர் ஓட்டை, எடை குறைக்க கம்பெனியே போட்ட ஓட்டை. எல்லாத்தையும் தகடு வச்சு மூடி, தீ தாங்கற சீலன்ட் பூசணும். டேப் இல்லை. டேப்பை நான் ஒட்டினேன், அது பெட்ரோல் பட்டதும் அரை நிமிஷத்துல பசை கரைஞ்சு உரிஞ்சு தொங்கறதை நானே பார்த்தேன். ஹேட்ச்பேக்னா செல்லுக்கு மேலே மூடற மாதிரி ஒரு தனிப் பெட்டியே கட்டிடறது உத்தமம். குழாய் சுவரைத் தாண்டற இடத்துல ஓட்டை போட்டு ரப்பர் குழாயை நுழைக்கக் கூடாது, அதுக்குன்னு பல்க்ஹெட் ஃபிட்டிங் இருக்கு. குழாய் பின்னல் போட்டது, முனையில மரை ஃபிட்டிங். கொஞ்சம் தளர்வா வளைச்சு விடணும், செல் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் இழுபடாத மாதிரி. எங்க குழாய் வீணைத் தந்தி மாதிரி விறைப்பா இருந்தது. அப்ப அது நேர்த்தியாத் தெரிஞ்சது.

காத்துக் குழாய்: வெண்ட் டிக்கிக்குள்ள திறக்கக் கூடாது, காருக்கு வெளியே போகணும். கவிழ்ந்தா அடைச்சுக்கற வால்வு அதுல இருக்கணும், அப்பவும் குழாயை மேலே ஒரு சுத்து சுத்தி எதிர்ப்பக்கம் இறக்கினா இன்னும் நல்லது. மூடியில இருந்தும் செல்லுல இருந்தும் பாடிக்கு ஒரு எர்த் ஒயர். பிளாஸ்டிக் டப்பாவுல உலோக மூடி தனித்தீவு மாதிரி உட்கார்ந்திருக்கும், நிரப்பும்போது சேர்ற ஸ்டாட்டிக் போறதுக்கு வழி இல்லை. பத்து நிமிஷ வேலை, நூத்துல பத்துப் பேர் செஞ்சிருந்தாலே எனக்கு ஆச்சரியம்.

பம்ப்: எஞ்சின் நின்னா பம்ப் நிக்கணும். ஒரிஜினல் சிவிக்ல அதுக்கு ரிலே இருக்கு, எஞ்சின் சுத்தற சிக்னல் வரலைன்னா கம்ப்யூட்டரே பம்ப்பை நிறுத்திடும். அதைப் பிடுங்கிட்டுத்தான் நாங்க டாகிள் சுவிட்ச் போட்டோம். 'சிம்பிளா இருக்கட்டும்'னு. இந்த ஐடியாவை யார் கொடுத்ததுன்னு கேட்காதீங்க. ஆணி புடுங்கறவன் புத்தி, எல்லாத்தையும் மேனுவல் ஓவர்ரைடு பண்ணத் தோணும்.

பேட்டரியைப் பத்தி ஒரு வரி போதும். அதை செல் பக்கத்துல வைக்காதீங்க.

இதெல்லாம் படிச்சுட்டு, "ஸ்டிக்கர் கொடுத்துட்டாங்கல்ல, அப்புறம் என்ன?"னு கேட்கறவங்க இருக்காங்க. அண்ணனும் கேட்டார். அந்தப் பெரியவர் அன்னிக்குக் காலையில எண்பது காருக்குக் குறையாமப் பார்த்திருப்பார். ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிஷம். அவர் திருகைப் பார்க்கறார், திருகு எதைக் கடிச்சிருக்குன்னு அவருக்குக் கார்பெட்டுக்குக் கீழே போய்ப் பார்க்க முடியாது. அது எனக்குத்தான் தெரியும். நான்தான் ஓட்டை போட்டேன். அவர் சந்தை அடைங்கன்னு சொன்னப்ப, எப்படி அடைச்சேன்னு தெரிஞ்சதும் எனக்குத்தான். க்யூ.ஏ. பாஸ் பண்ணிருச்சுன்னு பக்கை மறைச்சு வச்ச டெவலப்பர் க்யூ.ஏ.வைக் குத்தம் சொல்ல முடியுமா?

காசு வாதம்தான் கடைசி. "இது மலிவு ரேஸ், இதுக்குப் போய் ஆயிரம் டாலர் செல்லா?" நான் கேட்கறது ஆயிரம் டாலர் இல்லை. பூஜ்யம் டாலர். ஒரிஜினல் டேங்க் பூஜ்யம் டாலர். நாங்க செல்லுக்கு, ஆங்கிளுக்கு, குழாய்க்கு, பம்ப்புக்கு எல்லாம் சேர்த்து 400 டாலர் செலவு பண்ணி, 12 லிட்டர் கூடுதலா வாங்கினோம். அந்த 12 லிட்டரால என்ன லாபம்? டிரைவருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்ட விதி இடம் கொடுக்காது, எப்படியும் பிட்டுக்கு வந்தாகணும். 45 லிட்டர்ல ரெண்டு மணி நேரம் சிவிக் தாராளமா ஓடும். ஓடியிருக்கு. அதாவது பிரயோஜனம் இல்லாத 12 லிட்டருக்காக நண்பரோட முதுகுல பெட்ரோலை ஊத்தினோம்.

போன வாரம் அண்ணன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். கணக்கையும் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். முதல்ல "நீ ரொம்பப் படிச்சுட்ட கண்ணு"ன்னு சிரிச்சார். ஒண்ணு தொட்டில் பற்றவச்சு நிஜ செல் வாங்கணும், இல்லைன்னா பழைய டேங்க் திரும்பப் போகணும், ரெண்டும் இல்லைன்னா நான் காருக்குள்ள ஏற மாட்டேன், வேற யார் ஏறினாலும் பிட்ல நிக்க மாட்டேன்னேன். சிரிப்பு போயிருச்சு. "டீமை உடைக்கறியா?"ன்னார். வருத்தமாத்தான் இருந்தது. இந்த ஊர்ல எனக்கு முதல் முதல்ல சோறு போட்ட வீடு அது. அண்ணி கையால எத்தனை தடவை கொள்ளுப் பருப்பு சாப்பிட்டிருக்கேன். ரெண்டு நாள் பேச்சில்லை. மூணாம் நாள் அவரே போன் பண்ணார். நண்பரோட சூட்டைத் துவைக்கப் போட்டாராம், மூணு தடவை துவைச்சும் வாசம் போகலையாம், அண்ணி "இது என்ன வாசம்"னு கேட்டிருக்காங்க. என்ன பதில் சொன்னீங்கன்னு நான் கேட்கலை. "பழைய டேங்க் எங்கடா வச்ச?"ன்னு மட்டும் கேட்டார்.

கராஜ் மூலையில, தார்ப்பாய்க்குக் கீழே இருக்கு. பட்டை ரெண்டும் துரு, போல்ட் நாலும் புதுசு வாங்கணும், ரிலே ஒயரிங்கை மறுபடி இழுக்கணும், வெட்டின ஸ்பேர் டயர் குழிக்குத் தகடு வச்சு பற்றவைக்கணும். வர்ற சனிக்கிழமை காலையில ஆரம்பிக்கறோம். நண்பரும் வர்றேன்னிருக்கார், குழந்தையைத் தூக்கிட்டு. இந்தத் தடவை டிரில் என் கைக்கு வராதுன்னு நினைக்கிறேன் :-)

டிஸ்கி: நான் சான்றிதழ் வாங்கின ரேஸ் மெக்கானிக் இல்லை. உங்க ரேஸுக்கு உங்க விதிப்புத்தகம்தான். அதுல எரிபொருள் பக்கத்தை மட்டுமாவது திருகு வாங்கறதுக்கு முன்னாடி படிச்சிருங்க மக்கா.